கூடையில் இருக்கிற பூவைத் தொடவிடாதே

ஹலோ... ஹலோ ஜூலி... நான் அகஸ்டினா அக்கா பேசறேன்... ஆமா, பஸ்ல தான் இருக்கேன், கடலூர்லேந்து வந்துட்டிருக்கேன்... தங்கச்சி நல்லா இருக்கா, அத வுடு. பவனி கெளம்பிடுச்சா?... கேக்கலம்மா, பேண்டு சத்தமா இருக்கு. கோயில வுட்டு வெளிய வந்து பேசு... ஆங்... இன்னும் கெளம்பலயா? மாதாவே.

ஜூலி, பூ தூவற புள்ளைங்க கூடையில இருக்கே, அது யார் வூட்டுப் பூ?... எங்க வூட்டுதா... எங்க வூட்டுக்காரரே கொண்டாந்து குடுத்தாரா... ஆமா, ஆமா, இப்பதான் போட்டோ அனுப்பியிருக்காரு, ‘உன் ரோஜா எல்லாம் கோயிலுக்கு வந்தாச்சு’ன்னு. போன் போட்டா எடுக்க மாட்றாரு... பவனியில நற்கருணைக்குக் குடை புடிக்க நிக்கிறாரா, அதான் எடுக்கல...

இல்ல, சந்தோஷம்லாம் அப்புறம். சொல்றத கேளு. அந்தப் பூவ யாரும் தொடக்கூடாது. கூடையெல்லாம் கீழ வைக்கச் சொல்லு... இப்பவே ஜூலி, இப்பவே!

அதுல மருந்து இருக்குடி... பூச்சி மருந்து. நேத்து சாயங்காலம் நான் தான் அடிச்சேன்... வேப்பெண்ணெ இல்ல. வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும் ஒரு மாசமா அடிச்சிப் பாத்துட்டேன். இந்த வெயிலுக்கு இலைக்கு அடியில செம்பேன் நூல் நூலா கட்டிக்கிச்சு. மொட்டுக்குள்ள இலைப்பேன் பூந்து, விரியறதுக்கு முன்னாடியே ஓரமெல்லாம் கருகிப் போவுது. அடுத்த வாரம் திரு இருதய ஆண்டவர் திருநாளுக்கு மொட்டாவது ஒழுங்கா விரியட்டும்னு கடையில கேட்டு வாங்கி அடிச்சேன்... அவருக்குத் தெரியாது. மருந்துன்னாலே கத்துவாரு, அதான் சொல்லல. இன்னிக்கே பறிப்பாருன்னு நான் கண்டேனா?... நீ அவருகிட்ட பூ கேட்டது தப்பு இல்லம்மா. மார்க்கெட் பூ வாடிப் போச்சுன்னா நீ என்னா பண்ணுவ...

அலசினா போவாது. செடி உள்ள இழுத்துக்கிற மருந்து அது... கூடைய வாங்கிட்டியா?... எல்லாத்தையும் ஒரு சாக்குல கொட்டி கட்டு. குப்பையில போட்டுடாத, மாடு தின்னுடும்.

ஜூலி... ஒன்னு கேக்கறேன். ஒவ்வொரு இதழா எடுத்து முத்தம் குடுத்துட்டு தூவணும்னு தான புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்த?... ஒத்திகை பாத்துட்டீங்களா?... எல்லாரும் முத்தம் குடுத்தாங்களா? ஐயோ... ஐயோ ஆண்டவரே...

அழுவாத. நீ அழுதா புள்ளைங்க பயந்துக்கும். சிஸ்டர் இருக்காங்கல்ல? எல்லாப் புள்ளைங்களையும் கொழாய்க்கிட்ட கூட்டிட்டுப் போயி கை, வாயி, மூஞ்சி, சோப்பு போட்டு நல்லா கழுவி வுடச் சொல்லு. ஆமா, எல்லாரையும்... யாருக்காச்சும் வாந்தி, மயக்கம் வருதான்னு பாக்கச் சொல்லு...

அபி எங்க?... எங்க பக்கத்து வூட்டு நிர்மலா பொண்ணுடி. அவளும் வெள்ள கவுன் போட்டுக்கிட்டு நிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா, நான் தான் நிர்மலாகிட்ட கெஞ்சி அனுப்பி வச்சேன்... வரிசையில இல்லயா? தேடு. ஜூலி, தேடு, அவ பூவ திம்பா!... ஆமா, திம்பா. என் செடிக்கு மருந்தே கெடயாது, தின்னுடின்னு நானே புட்டுக் குடுத்திருக்கேன்...

ஒன்னும் இல்ல கண்டக்டர் அண்ணே. டிக்கெட் எடுத்துட்டேன்... வண்டிய கொஞ்சம் சீக்கிரம் வுடச் சொல்லுங்களேன் டிரைவர... கொழந்தைக்கு முடியலண்ணே...

ஹலோ... மாதா கெபி பின்னாடியா?... கையில கூடை இருக்கா?... வாயில?... துப்பச் சொல்லு. வெரல வுடாத, வாந்தி எடுக்க வைக்காத, உப்புத் தண்ணியெல்லாம் குடுக்கக் கூடாது, பாட்டில்லயே போட்டிருந்துச்சு. வாய மட்டும் கொப்புளிக்க வை... போன அவகிட்ட குடு.

அபி... அபி கண்ணு... அத்த பேசறேன்டா... பூ சாப்டியா?... திட்டமாட்டேன். அத்த என்னிக்காச்சும் திட்டியிருக்கேனா? உண்மைய சொல்லு தங்கம்... கசந்துச்சா... கசந்தா துப்ப வேணாமா... முழுங்கிட்டியா... எவ்ளோ?... கொஞ்சமா, நெறயவா?... தெரியலயா... சரி, சரி. வயித்த வலிக்குதா?... எச்சி எச்சியா வருதா... ஜூலி அக்காகிட்ட குடு கண்ணு.

ஜூலி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு. பவனி கெடக்கட்டும்டி! ஆண்டவரு கோச்சுக்க மாட்டாரு... ஆட்டோ நிக்குதா? ஏறு. சிஸ்டர வுட்டு நிர்மலாவுக்குப் போன் பண்ணச் சொல்லு. போன வைக்காத, நான் லைன்லயே இருக்கேன்.

...

எங்க இருக்கீங்க?... நான் அரியாங்குப்பம் வந்துட்டேன், பாலத்துக்கிட்ட வண்டி நவுரவே மாட்டுது... அவள தூங்க வுடாத. பேசிக்கிட்டே வா... வாந்தி எடுத்துட்டாளா? எடுக்கட்டும், தானா எடுத்தா எடுக்கட்டும். ஒருக்களிச்சு புடி... ஏசுவே, அந்தக் கொழந்தைய எனக்குக் குடுத்துடு...

வந்தாச்சா?... ஆங்... டாக்டர்கிட்ட குடு.

வணக்கம் டாக்டர்... ஆமாங்க, நான் தான் அடிச்சேன்... பேரு வாயில நொழயலங்க. பாட்டில்ல மஞ்சள் முக்கோணம் போட்டிருக்கும். போட்டோ இருக்கு, இதே நம்பருக்கு இப்பவே அனுப்பறேன்... கடைக்காரரு சொன்ன அளவுக்கு மேல கொஞ்சம் ஊத்திட்டேன் டாக்டர். பூச்சி சாவணும்னு... நேத்து சாயங்காலங்க... கொழந்தைக்கு ஒன்னும் ஆவாதுல்ல?... சரிங்க. சரிங்க. நீங்க பாருங்க.

ஜூலி... அனுப்பிட்டேன், பாரு... காட்டு... என்னா சொல்றாரு?... கண்ண டார்ச் அடிச்சிப் பாக்கறாரா... ஊசியா... அவ அழுவறது எனக்குக் கேக்குது. அழுவட்டும். அழுதா நல்லது...

...

சொல்லு. சொல்லு ஜூலி... நாடி நல்லா இருக்குன்னாரா? நெசமாவா?... காலைல வரைக்கும் வச்சிப் பாக்கணுமா, பாக்கட்டும்... உசுருக்கு ஒன்னும் இல்லன்னு அவரு வாயால சொன்னாரா? நீயா சொல்றியா?... அவரே சொன்னாரா... ம்... ம்... இல்ல, அழுவல... மத்தப் புள்ளைங்க?... நல்லா இருக்குதுங்களா. எதுக்கும் அவங்க அம்மாங்க கிட்ட சொல்லிட்டாங்கல்ல... சரி.

யாரு வந்தது?... நிர்மலாவா... குடு.

நிர்மலா... நான் தான்... ஆமா. நான் அடிச்ச மருந்து தான். அவரு மேல ஒன்னும் தப்பு இல்ல, ஜூலி மேலயும் இல்ல... திட்டு. நல்லா திட்டு... இல்லம்மா, ‘உங்கள கும்புடறேன்’னுலாம் சொல்லாத, நான் தான் உன் கால்ல வுழணும்...

அவ அப்பாவுக்குச் சொல்லிட்டியா?... சொல்லலயா... நானா?... நிர்மலா, அருள்முருகன் தம்பி என்ன அக்கா அக்கான்னு... நான் எப்படி...

ம்... ஆமா... நீ சொல்றது சரி. மருந்து அடிச்சது நான், உன் வாயால ஏன் சொல்லணும்... நம்பர் இருக்கு... நீ கொழந்தகிட்ட இரு. அவ கைய வுடாத.

வச்சிடறேன். தம்பிக்கு நானே போடறேன்.