ஆடியில் வந்த மெயில்

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அப்பாவும் மகளும்.

“ஆடியில வந்த மெயில ஆவணியில தொறக்கலாம்னு வச்சிருந்தேம்மா,” என்றார் அவர்.

“நர்ஸ் வேலைக்கு வெளிநாட்டு விசா கேட்டு உங்க நம்பரையும் மெயிலையும் குடுத்தேன் பாருங்க, என்னைத்தான் சொல்லணும். தினமும் சென்னையிலேருந்து போன் போட்டுக் கேட்டேனேப்பா, எதாவது வந்துச்சான்னு. வரலன்னுதானே சொன்னீங்க?”

“நல்ல காரியமாச்சே. ஆடியில தொறந்து தடங்கலாயிட்டா?”

“இப்ப மட்டும் என்ன ஆச்சு? பதினஞ்சு நாளுக்குள்ள ஒரு சர்டிபிகேட் அனுப்பச் சொல்லியிருக்காங்க. அனுப்பலன்னு ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. அதே ஆடியில நீங்க நாத்து விடலையா? வயலுக்கு ஒரு ஆடி, எனக்கு ஒரு ஆடியா?”

பேருந்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைக் குறைக்கவில்லை.

“கத்தாதடி. வளர்பிறையில நல்ல நாளாப் பாத்து மறுபடி போடுவோம்.”

அவள் தன் போனை எடுத்துப் புது விண்ணப்பத்தைத் திறந்து, தன் நம்பரைப் போட்டாள்.

“இன்னைக்கு அஷ்டமிம்மா.”

“தெரியும். அதான் இன்னைக்கே போடுறேன்.”