பனி விழுந்த மோட்டார் கொட்டகை

வைகாசி மாதம், பகல் பன்னிரண்டரை. திருவையாற்றுக்குக் கிழக்கே வாய்க்கால்கரைச் சாலை... ஒரு காக்கை இல்லை. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள்.

நம்மூர் அரசப்பனின் மச்சான் தமிழ்மாறன் அந்தச் சாலையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தான். நெஞ்சு கொதித்தது.

அவன் கம்ப்யூட்டரில் படம் போடுகிறவன். உலகப் போரில் ஜெர்மன்காரன் விட்ட விமானம், தலைகுப்புறப் பாய்ந்து ஊளையிட்டுக்கொண்டே குண்டு போடுமே... அதில் அவனுக்குப் பித்து. விவசாயக் கரண்ட் இலவசம் என்று, கூட்டாளி சூர்யபிரகாஷின் மோட்டார் கொட்டகையிலேயே கம்ப்யூட்டரை வைத்து, ஏழு மாதம் ஒரே படத்தை வரைந்தான். மூன்று விமானம். கீழே பனி மூடிய வயல். ஜெர்மனி வயலை அவன் எங்கே கண்டான்? கல்யாண வீடியோக்காரனின் ட்ரோன் எடுத்த நம்மூர் வயலுக்கே வெள்ளையடித்துவிட்டான். வரப்பு, வாய்க்கால், நடுவில் அந்தக் கொட்டகை... எல்லாம் அப்படியே.

வெளிநாட்டுப் போட்டிக்கு இங்கிலீஷில் எழுதி அனுப்பியவன் சூர்யா. அன்று காலை முடிவு வந்தது. முதல் பரிசு. வரைந்தவர், சூர்யபிரகாஷ்.

ஏழு மாதமும் ஒரே டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிட்டவன்.

கொட்டகைக்குப் போகிற பாதி வழியில் தமிழ்மாறன் வண்டியை நிறுத்தி, போனில் படத்தை மறுபடி பார்த்தான். விமானத்தின் வயிற்றில் அவன் வரைந்திருந்த குண்டு அங்கே இல்லை... பாதி வானத்தில் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். இன்னும் கீழே. நேர் கீழே கொட்டகை.

அப்போதுதான் கேட்டது. சீவாளி பிளந்த நாகஸ்வரத்தை மூச்சுவிடாமல் ஊதினால் எப்படி இருக்கும்... அப்படி, மேலேயிருந்து. கருகிய ஆயில் நாற்றம். வாய்க்காலில் நின்ற கொக்கு ஒன்றுகூட எழும்பவில்லை.

சண்டைக்குப் போனவன் காப்பாற்ற ஓடினான்.

"சூர்யா, வெளிய வாடா!"

"என்னடா, பேரைப் புடுங்க வந்தியா?" உள்ளேயிருந்து சிரிப்பு.

"பேரை நீயே வச்சுக்கடா... வெளிய வா!"

"நடிக்காத. நான் வெளிய வந்தா நீ உள்ள பூந்து ஃபைலை அள்ளிடுவ. எனக்குத் தெரியாதா?"

தாழ்ப்பாள் விழுந்தது.

சத்தம் நின்றது. கொட்டகையில் ஓர் ஓடு நகரவில்லை. கதவை உடைத்துப் பார்த்தால், சூர்யா மேஜைக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தான். உயிர் இல்லை. மாரடைப்பு என்றார்கள். சரி, இருக்கட்டும். வைகாசி வெயிலில் அவன் தலைமுடியில் பனி எப்படி உறைந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மறுநாள் பகல். தமிழ்மாறன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். போனில் ஒரு மெயில். அனுப்பியவர், சூர்யபிரகாஷ். 'அடுத்த படம்' என்று இரண்டே சொல்.

திறந்தான். அதே மூன்று விமானம். கீழே பனி மூடிய ஒரு மொட்டைமாடி. கொடியில் ஒரு பச்சைப் புடவை... அன்று காலை அவன் மனைவி மதிவதனி துவைத்துப் போட்டது.

தட்டை விட்டு எழுவதற்குள், படிக்கட்டிலிருந்து அவள் குரல்.

"மாடியில என்னமோ கத்துதுங்க... துணியை எடுத்துக்கிட்டு, அப்படியே பாத்துட்டு வந்துடறேன்."