சாம்பல் நிறக் கட்டம்

காக்கையைப் பார்த்துக் காக்கை என்று சொல்ல எல்லோராலும் முடியும் என்றுதான் இந்த வேலைக்கு வரும்வரை நானும் நினைத்திருந்தேன். முடியாது. பருந்து என்கிறார்கள், கழுகு என்கிறார்கள். ஒருவர் வௌவால் என்றே எழுதி அனுப்பியிருந்தார்.

நீங்கள் கேட்டபடி வரிசையாகவே எழுதுகிறேன். எங்கள் அலுவலகம் நடத்தும் வனவிலங்கு வரைபடம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கைப்பேசி வைத்திருக்கும் யாரும் ஓர் உயிரினத்தைப் படம் எடுத்து அனுப்பலாம். அனுப்பியதும் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி விழும். அதைப் பச்சையாக்குவதா, நீக்குவதா என்று முடிவு செய்பவன் நான். பொம்மைப் பல்லியைப் படம் எடுத்து அனுப்பிய வங்கி மேலாளருக்குக்கூட மரியாதையாகத்தான் பதில் எழுதியிருக்கிறேன்.

மஞ்சள்வரி ஆமை எங்கள் வட்டாரத்தில் அற்றுப்போய்விட்டது என்று நான்கு வருடத்துக்கு முன் அறிக்கை எழுதியவனும் நானே. பதினெட்டு மாதம் குளம் குளமாக அலைந்து எழுதியது. வரைபடத்தில் எங்கள் கட்டத்தைச் சாம்பல் நிறமாக்கினேன். தலைமை ஆய்வாளர் பதவி அதனால் வந்தது. அறிக்கையின் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள்.

என் தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர், அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. போன மாதம், பைப் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்குவாரிக் குட்டையிலிருந்து மஞ்சள்வரி ஆமை என்று ஆறு படங்கள் அனுப்பினார். அரிதான விலங்கு என்றால் வரைபடம் இடத்தை மங்கலாக்கிவிடும், வேட்டைக்காரர்கள் வந்துவிடக் கூடாதே என்று. சரியான இடத்தைத் திறந்து பார்க்கும் உரிமை எனக்கு மட்டும்தான்.

"ஆதாரம் போதாது" என்று நீக்கினேன். மறுபடி அனுப்பினார். மறுபடி நீக்கினேன். தங்கையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மச்சான், தெரியாத்தனமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப லிஃப்ட் கொஞ்சம் மெதுவா போனாலே, 'ஆமை ஏறியிருக்கா'ன்னு கேக்குறாங்க."

"அது சாதாரணக் குளத்தாமை, மாப்ள."

"மஞ்சக் கோடு இருக்கே?"

"வெயில் பட்டா அப்படித்தான் தெரியும்."

"ஒரு புள்ளியப் பச்சையாக்கினா உனக்கு என்னண்ணா குறைஞ்சிடும்?" என்றாள் தங்கை. என்ன குறையும் என்று அவளுக்கு விளங்கவைக்க என்னால் ஆகாது.

"ஞாயித்துக்கிழமை நேர்ல வாங்க மச்சான், காட்டுறேன்" என்றார் அவர். "அங்க இல்லன்னா இனிமே இதப்பத்தி வாயே திறக்க மாட்டேன்."

நியாயமான பேச்சு. ஒத்துக்கொண்டேன்.

மஞ்சள்வரி ஆமைகள்தான். முதல் படத்திலேயே தெரிந்துவிட்டது. ஓட்டுக் கோடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எண்ணினேன். ஏழு ஆமைகள்.

சனிக்கிழமை காலை வலை, கோணி, சுத்தியல் எடுத்துக்கொண்டு போனேன். வலை தேவைப்படவில்லை. மாப்பிள்ளை ரொட்டி போட்டுப் பழக்கியிருந்தார்; கையை நீட்டியதும் கரைக்கு வந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. எட்டாவது ஏதும் இருக்குமோ என்று மேலும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதையும் அரைகுறையாக விடுவது என் வழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பாக்கெட் ரொட்டி முழுவதையும் பிய்த்துப் போட்டார். தண்ணீர் அசையவில்லை.

"எனக்குத்தான் கண்ணு சரியில்ல போலிருக்கு. மன்னிச்சிடுங்க மச்சான்."

தோளில் தட்டிக்கொடுத்தேன். அடுத்த வாரமே கண்ணாடி வாங்கிக்கொண்டார்.

ஓடுகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கழுவி, அளந்து, இனம், இடம், தேதி எழுதிச் சீட்டு ஒட்டி அலுவலக அலமாரியில் வைத்தேன். சீட்டில் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. எங்கள் உதவி ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு வனத்துறையில் உங்களுக்குப் போன் செய்தார். ஒரு சீட்டை அவர் கடைசிவரை படித்தது அன்றுதான் முதல்முறை.

வருத்தமில்லையா என்று கேட்டீர்கள். ஓர் அறிக்கை சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்ததற்கு எதற்கு வருத்தப்படுவது? குட்டையில் நீங்களே இறங்கித் தேடிப் பாருங்கள்; ஓர் ஆமை அகப்படாது. நான் எழுதியதில் பிழை இல்லை. தேதி மட்டும்தான் நான்கு வருடம் முந்திவிட்டது.