பெயர் என்ற கட்டம்

பள்ளிவாசல் எஸ்டேட் பக்கம் மழைக்காலத்தில் பேனா சரியாக எழுதாது சார். காகிதம் நமுத்துப்போய்விடும். அதனால் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பேன். மற்றபடி என்னைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பெயர் மாரீஸ்வரன்.

இன்சூரன்ஸ் கம்பெனி உங்களைக் கொச்சியிலிருந்து இவ்வளவு தூரம் விசாரணைக்கு அனுப்பும்படி ஆகிவிட்டதில் எனக்கு வருத்தம்தான், லிபின் சார். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பிறந்த பிள்ளைக்குத் தொண்ணூறு நாள்வரை தாயின் காப்பீடே செல்லும். அதற்குள் பிள்ளையின் பேரையும் சேர்த்துவிட வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். இதை லயம் லயமாக, தொழிலாளர் குடியிருப்பு வரிசை ஒவ்வொன்றுக்கும் போய்ப் பெற்றவர்களிடம் சொல்வது என் வேலை. நன்றாகத் தலையாட்டுவார்கள். பிறகு காதுகுத்துக்கு எத்தனை கிடா என்று பேசப் போய்விடுவார்கள்.

முதலில் நடந்தது ஜெகன் வீட்டில். அவனுக்கு ஃபேக்டரியில் வேலை. மனைவி யோகப்பிரியா தேயிலைக் கொழுந்து எடுப்பவள். பிறந்தது ஆண் பிள்ளை. குடலிறக்கம் இருந்தது, ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படிவத்தில் கையெழுத்து உண்டு, பெயர்தான் இல்லை. ஜெகனின் அப்பா, தன் அப்பா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றார். யோகப்பிரியாவின் அம்மா தேனியில் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்து, 'ங' எழுத்தில் தொடங்கினால்தான் பிள்ளைக்கு ஆயுசு என்றார். நான் ஏழு முறை போனேன். ஏழு முறையும் டீ கொடுத்தார்கள்.

எண்பத்தொன்பதாம் நாள், மாலை நான்கு மணி. ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். 'ங'வில் ஒரு பெயர் எனக்கும் தோன்றவில்லை. குனிந்தபோது என் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜில் ஒரு பெயர் இருந்தது. எழுதிவிட்டேன்.

கார்டு வந்ததும் இருவரும் மேசைக்கு வந்தார்கள். ஜெகன் என் சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். யோகப்பிரியா கார்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மூணு மாசமா ரெண்டு வீட்டுக்காரவுகளும் மொகம் கொடுத்துப் பேசல. இனி ரெண்டு பேரும் சேந்து ஒங்களத்தான் வைவாக. இருந்துட்டுப் போகட்டும்ண்ணே."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கார்டைக் காட்டி மற்ற காகிதங்களிலும் அந்தப் பெயரே ஏறியது. ஒரு நாள் அவர்கள் லயத்தைத் தாண்டிப் போகும்போது உள்ளே யோகப்பிரியாவின் குரல் கேட்டது. "மாரீஸ்வரா, என் ராசா, பாலு குடிச்சியாடா" என்றாள். நான் குடையை மடக்காமல் சற்று நேரம் அங்கேயே நின்றேன். ஐம்பத்திரண்டு வயதில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

அதன்பிறகு பெற்றவர்களுக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நானே எழுதிவிட்டேன். பெண் பிள்ளைக்கு மாரீஸ்வரி. ராக்கப்பன், அழகுத்தாய் தம்பதிக்கு இரட்டை ஆண்கள் பிறந்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்தேன். இருவரில் ஒருவனை ஒதுக்குவது முறையல்ல என்று பட்டது. இருவருக்கும் அதையே எழுதினேன்.

சிலர் திருத்தம் கேட்டு வந்தார்கள். திருத்தினால் மூன்று மாதம் காப்பீடு நின்றுவிடும் என்றேன். நின்றுவிடும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நிற்காது என்றும் யாரும் சொல்லவில்லை. அவர்கள் திரும்பிப் போனார்கள்.

நான்கு வருடத்தில் எட்டு மாரீஸ்வரன், மூன்று மாரீஸ்வரி. அங்கன்வாடி டீச்சர் இந்து ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். பெயரைக் கூப்பிட்டால் ஐந்து பேர் எழுந்து நிற்பதாகவும், ஒரு மாரீஸ்வரன் மூன்று முட்டை சாப்பிட்டதில் இரண்டு மாரீஸ்வரனுக்கு முட்டையே கிடைக்கவில்லை என்றும் குறைப்பட்டார். அடையாளத்துக்கு ஆளுக்கொரு நிறத்தில் தொப்பி கொடுக்கலாம் என்று யோசனை சொன்னேன்.

எனக்குச் சற்றுச் சங்கடமாக இருந்தது அன்னமேரியின் பிள்ளை விஷயத்தில்தான். ஏசுதாஸின் மனைவி அவள். ஞானஸ்நானத்தின்போது ஃபாதரே அந்தப் பெயரை இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றினாராம். போன மாதம் பிள்ளைக்கு நெஞ்சுச்சளி முற்றி, கோட்டயத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ராக்கப்பனின் இரட்டையரில் மூத்தவனும் அதே ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குப் படுத்திருந்து, அன்று காலைதான் வீடு திரும்பியிருந்தான். ஒரே எஸ்டேட், ஒரே பெயர். பிறந்த தேதி வேறுதான். கம்பெனிக் கம்ப்யூட்டர் அதை எழுத்துப்பிழை என்று எடுத்துக்கொண்டதாம். அன்னமேரி எனக்குப் போன் செய்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"எம்புள்ள இங்க மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கான். கம்ப்யூட்டர்ல அவன் காலையிலயே டிஸ்சார்ஜ் ஆயிட்டானாம். அப்ப எங் கையில இருக்கது யாருண்ணே?"

விசாரிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அங்கிருந்த டாக்டர் நல்லவர். காப்பீட்டு அனுமதிக்குக் காத்திராமல் பிள்ளைக்கு ஆக்ஸிஜன் வைத்துவிட்டார். இப்போது பையன் தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். ஏசுதாஸ் என்னோடு பேசுவதில்லை. உங்களுக்குப் புகார் எழுதியது அவன்தான் என்று நினைக்கிறேன். நல்ல கையெழுத்து.

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். பெயர் முடிவாகாவிட்டால் 'அன்னமேரியின் குழந்தை' என்று தாயின் பேரைப் போட்டு எழுதினாலே போதும், படிவத்தின் மலையாளக் குறிப்பில் அது இருக்கிறதே, தெரியாதா என்றீர்கள். தெரியும். குறிப்பைத் தமிழில் எழுதிக் கொடுத்ததே நான்தான். அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். பக்கத்தில் இடம் போதவில்லை.

இன்னொன்று தேதி. ஜெகன் படிவம் எண்பத்தொன்பதாம் நாள், அடுத்தது நாற்பதாம் நாள், இரட்டையர் மூன்றாம் நாள். அன்னமேரி படிவத்தில் மட்டும் பிறந்த நாளுக்கு ஆறு நாள் முந்தைய தேதி இருக்கிறது, தவறி விழுந்ததா என்றீர்கள். தவறவில்லை. ஸ்கேனுக்கு வந்தபோதே அவளிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். பையனா பெண்ணா என்று அப்போது தெரியாது. அதனால் 'மாரீஸ்வ' வரைக்கும்தான் எழுதி வைத்தேன். மீதி எழுத்தைக் கடவுளுக்கும் பெற்றவர்களுக்கும் விட்டுவிட்டேன். யாரையும் வற்புறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது சார்.