கறுப்புக் கயிறு கேட்டவர்கள்

"கட்டுனது நீதானே? உன் கையாலதானே கட்டுனே?"

"கேட்டது நீதானே? உன் வாயாலதானே—"

"எதுல மருந்து இருக்குன்னு எனக்குத் தெரியுமா? உனக்குத் தெரியும்ல—"

"கேட்டியா இல்லையா, அதைச் சொல்லு."

"தெரிஞ்சிதானே கட்டுனே, பாவி—"

"கத்தாதே சந்திரமதி. போலீஸ் ஐயா எழுதுறாங்க."

அவள் எப்போதும் இப்படித்தான் ஐயா. நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் அடுத்ததை ஆரம்பித்துவிடுவாள். அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கட்டும், எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் சாத்திக்கொள்ளுங்கள். இந்த நேரத்துக்கு ரப்பர் காயவைக்கிற புகைக்கொட்டகைப் புகை ஆஸ்பத்திரிப் பக்கம்தான் திரும்பும். பழக்கமில்லாதவர்களுக்குக் கண் எரியும்.

என் பெயர் பேச்சியம்மாள். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கிற ஆயா நான்தான். விடியப் பெரட்டு வரிசையில் பேர் கொடுக்கப் போகும்போது தாய்மார்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ரப்பர் மரத்தில் பட்டை வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்து தூக்கிக்கொள்வார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. புருஷன் செடெனாக் பக்கம் புதுக்காடு திறந்தபோது குளிர்காய்ச்சலில் போய்விட்டார். அதன் பிறகு இதே ஆஸ்பத்திரியில் ஆட்களுக்கு அந்தக் காய்ச்சலுக்கான கசப்புக் கொயினா மருந்து ஊற்றிக் கொடுக்கிற வேலை பார்த்தேன். துப்பாமல் விழுங்குகிறார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். வயதான பிறகு கொட்டகைக்கு மாற்றினார்கள். பிள்ளைகளைத் தாய் பேர் சொல்லித்தான் அழைப்பேன். ராசம்மா பிள்ளை, கிருஷ்ணம்மா பிள்ளை, சந்திரமதி பிள்ளை. முப்பது பிள்ளை தவழுகிற இடத்தில் அதுதான் சௌகரியம்.

போன மழைக்கு முன்னால் பெரிய டாக்டர் துரை வந்தார். குளிர்காய்ச்சல் பிள்ளைகளைத்தான் அதிகம் கொண்டுபோகிறது, தினம் ஒரு மிட்டாயில் மருந்து வைத்துக் கொடுத்தால் காய்ச்சல் வராமலே தடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றார். தாய்மார்களை வரிசையில் நிற்கச் சொன்னார். ஒவ்வொரு பிள்ளையின் வயிற்றையும் அமுக்கி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு இடுப்பில் கயிறு கட்டினார். ஒரு பிள்ளைக்குச் சிவப்பு, அடுத்த பிள்ளைக்குக் கறுப்பு, அதற்கடுத்ததற்கு மறுபடி சிவப்பு. யார் பிள்ளை, என்ன பிள்ளை என்று கேட்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இந்த ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிற டிரஸர் அம்பிகைபாகன் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் இரண்டு டப்பாக்களை என் கையில் கொடுத்தார்.

"சிவப்புக் கயித்துப் பிள்ளையளுக்குச் சிவப்பு மூடி டப்பா. கறுப்புக்குக் கறுப்பு மூடி. மாத்தப்படாது, விளங்குதோ?"

"எதுலங்க ஐயா மருந்து இருக்கு?"

"எனக்கும் தெரியாது பேச்சி. துரைக்கு மட்டுந்தான் தெரியும். ஒண்டில மருந்து, மற்றதில வெறும் சீனி. தெரியாமல் குடுத்தால்தான் பரிசோதனை சுத்தமா வரும்."

"அப்ப சீனி தின்ற பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் வந்தா?"

"வரும். அதைத்தானே துரை பார்க்கப்போறார்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மழை வரும் என்பதைப்போலச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் நியாயமான கோபம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஏனென்றால் அந்த வரிசையை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கிருஷ்ணம்மா ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். மூன்றாவதை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இந்தச் சந்திரமதி பின்னாலிருந்து முண்டியடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் புகுந்தாள். கிருஷ்ணம்மா ஒதுங்கி இடம் விட்டாள். அதனால் சந்திரமதி பிள்ளைக்குச் சிவப்பு. கிருஷ்ணம்மா பிள்ளைக்குக் கறுப்பு.

அன்றைக்கே இரண்டு டப்பாவிலும் ஒவ்வொன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கறுப்பு மூடியில் இருந்தது சீனி, சீனியாகவே கரைந்தது. சிவப்பு மூடியில் இருந்ததில் இனிப்புக்கு அடியில் கொயினா இருந்தது. எத்தனை வருஷம் அந்த வாசத்தில் நின்றவள் நான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலையில் இவள் வந்தாள்.

"ஆயா, இந்தச் சிவப்பை அவுத்துட்டுக் கறுப்பு கட்டு. காளி கோயில் கெடாவுக்குக் கட்டுற மாதிரி கட்டிட்டுப் போயிருக்கான் வெள்ளைக்காரன். கண்ணு பட்டா என்னா ஆவுறது?"

"டாக்டரு கட்டுனது சந்திரமதி. இருக்கட்டுமே."

"கண்ணேறு பெத்தவளுக்குத்தான் தெரியும். பால் இறங்காத மரம், உனக்கென்னா தெரியும்?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ராசம்மா சிரித்த சிரிப்பு லயத்துக் கடைசி வீடு வரை கேட்டிருக்கும். 'இருக்கட்டுமே' என்று நான் ஒரு தடவை சொன்னேன். அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை சொல்லவில்லை. சிவப்பை அவிழ்த்தேன். கிருஷ்ணம்மா பிள்ளையின் இடுப்பிலிருந்த கறுப்பை அவிழ்த்து இவள் பிள்ளைக்குக் கட்டினேன். இவளுடைய சிவப்பு அங்கே போனது. கிருஷ்ணம்மா ஏன் என்று கேட்கவில்லை. அவள் எதையும் கேட்கிறவள் இல்லை. துரையின் கணக்கும் கெடவில்லை. சிவப்பு எத்தனையோ அத்தனை, கறுப்பு எத்தனையோ அத்தனை.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. நானும் அதைப் பற்றி யோசித்தேன். ஆனால் சிரித்தவள் இவள் ஒருத்தி இல்லையே.

குழாயடியில் ராசம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன், கறுப்பு கண்ணேறுக்கு நல்லது என்று. இதில் பொய் எங்கே இருக்கிறது? உங்கள் வீட்டுப் பிள்ளை இடுப்பிலும் கறுப்புத்தான் இருக்கும். அவளே மறுநாள் வந்தாள். "ஆயா, எனக்கும் மாத்திக் குடு" என்றாள். கொடுத்தேன். அவள் இன்னொருத்தியிடம் சொல்ல, அவளும் வந்தாள். யாரிடம் சொன்னால் யார் காதுக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். என்னை மனுஷியாக நடத்தியவர்கள் சிலரும் கறுப்புக் கேட்டு வந்தார்கள். அவர்களிடம் மட்டும், "டாக்டரு கட்டுனதை அவுக்கக் கூடாதும்மா, போயிட்டு வா" என்று சொல்லி அனுப்பினேன். வாயடிக்கிறவர்களிடம் அப்படிச் சொல்லவில்லை. கேட்டார்கள், கட்டினேன்; அவிழ்த்த சிவப்பு வாயில்லாத ஒருத்தி பிள்ளைக்குப் போனது.

துரை கண்ணை மூடிக்கொண்டு பிரித்தார். நான் ஒவ்வொருத்தியையும் அறிந்து பிரித்தேன். இதில் எது நியாயம் என்று படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மழை வந்தது. காட்டு ஓடையில் தண்ணீர் தேங்கியது. ராசம்மா பிள்ளைதான் முதலில் படுத்தது. நான் ஒரு பிள்ளையையும் பட்டினி போட்டதில்லை ஐயா. கஞ்சி கொடுத்தேன், ஈரத்துணி போட்டேன், நடுங்கும்போது மடியில் வைத்துச் சாக்குப் போர்த்தினேன். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் வழக்கம்போல் கொயினா கொடுக்கலாம் என்று துரையே சொல்லியிருந்தார். காய்ச்சல் கண்டால் டிரஸர் ஐயாவிடம் சொல்வது என் பொறுப்பு. எல்லாப் பிள்ளைகளைப் பற்றியும் சொன்னேன். சில பிள்ளைகளைப் பற்றிச் சற்றுத் தாமதமாகச் சொன்னேன்.

பிறகு இவள் வந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக இவள் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஆயா, வாய் தவறிப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதே. உடம்பு அனலா கொதிக்குது ஆயா."

"வெச்சுட்டுப் போ. நான் டிரஸர் ஐயாகிட்டச் சொல்லிக்கிறேன்."

"சிவப்பைக் கட்டிப் பார்ப்போமா? சிவப்புக் கட்டுன பிள்ளைங்கள்லாம் ஓடி விளையாடுதுங்க."

"டாக்டரு போட்ட கணக்கு சந்திரமதி. நாம மாத்தக் கூடாது."

"ஒரு மிட்டாயாச்சும் அந்த டப்பாவுலேருந்து—"

"கூடாது. பரிசோதனை சுத்தமா வராது. பெரட்டுக்கு நேரமாவுது, கங்காணி தேடுவாரு, போ."

சிவப்பு மூடி டப்பா என் மடியில்தான் இருந்தது. மூடி திறந்திருந்தது. கிருஷ்ணம்மா பிள்ளை அதற்குள் கையை விட்டுக்கொண்டிருந்தது. இவள் அதையும் பார்த்துவிட்டுத்தான் மரம் வெட்டப் போனாள். அன்றைக்கு டிரஸர் ஐயா கொட்டகைப் பக்கம் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும், "ஒண்டும் விசேசமில்லையே பேச்சி?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவரைக் குறை சொல்லாதீர்கள். நான் சொல்வதை நம்புவதுதான் அவருக்குப் பழக்கம்.

மழை முடிந்ததும் துரை வந்தார். மறுபடி எல்லா வயிறுகளையும் அமுக்கினார். கறுப்பில் அமுக்குவதற்கு நிறைய வயிறு மிச்சமில்லை. இவள் பிள்ளையும் இல்லை. இவ்வளவு தெளிவான வித்தியாசத்தை வேறெந்தத் தோட்டத்திலும் பார்த்ததில்லை என்று டிரஸர் ஐயாவிடம் சொன்னார். அவர் அதைத் தமிழில் எனக்குச் சொன்னார். துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. இன்றைக்குப் பொந்தியானிலிருந்து கெலாங் பாத்தா வரை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த மிட்டாய் போகிறது. நல்ல மருந்து ஐயா. அதைத் தின்று எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருக்கும். அதில் எனக்கும் பங்கு உண்டு. யாரும் அதை எழுதமாட்டார்கள்.

இது வெளியே வந்ததும் இன்னொரு பரிசோதனையால்தான். போன வாரம் ஒரு பல் டாக்டர் துரை வந்தார். பிள்ளைகளின் பல் சொத்தையாகிறது, பாதிப் பேருக்கு ஒரு பல்பொடி, மறுபாதிக்கு வேறொரு பல்பொடி, மறுபடி கயிறு கட்ட வேண்டும் என்றார். தாய்மார்கள் மிரண்டார்கள். டிரஸர் ஐயா அவர்களுக்குத் தைரியம் சொல்லப் போனார்.

"பயப்பிட ஒண்டுமில்லை. போன முறை மாதிரித்தான். அப்ப சிவப்பில மருந்து இருந்தது, கறுப்பில வெறும் சீனி எண்டு துரை பிறகு சொன்னவர். இந்த முறை ரெண்டும் வெறும் பல்பொடிதான். பேச்சிதான் கட்டிவிடுவா. அவ நல்ல கவனமான மனுசி."

சந்திரமதி அந்தக் கூட்டத்தில் நின்றாள். வழக்கம்போலக் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் என் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை, மாற்றிக்கொள்ள வேண்டிய காரணமும் இல்லை. அவள் அப்படியே திரும்பி ரோட்டில் இறங்கிக் குலாய் ஸ்டேஷன் வரை நடந்தே போயிருக்கிறாள். அதனால்தான் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். துரையைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்காரவைத்தீர்களா? இல்லை. அவர் பாதிப் பிள்ளைகளுக்குச் சீனியைக் கொடுத்துவிட்டுக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்தார். அதற்குப் பெயர் பரிசோதனை. நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எத்தனை பிள்ளை என்பதை முடிவு செய்தவர் அவர். எந்தப் பிள்ளை என்பதை மட்டும் நான் முடிவு செய்தேன். ஆமாம், தெரிந்துதான் கட்டினேன். தெரிந்துதான் தாமதமாகச் சொன்னேன். நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதானே, எழுதிக்கொள்ளுங்கள். ரேகை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் என்னையும் அவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அவருக்குப் பிள்ளைகள் என்றால் சிவப்பு, கறுப்பு, அவ்வளவுதான். ஒன்றின் பேர்கூட அவருக்குத் தெரியாது. நான் அப்படிப்பட்டவள் இல்லை. எல்லாம் என் மடியில் கிடந்ததுகள். ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும்.

இதோ, சந்திரமதி எழுந்துவிட்டாள். உட்காரச் சொல்லுங்கள் ஐயா. மறுபடியும் கத்தப்போகிறாள்.

அவள் கத்தவில்லை. கிட்டே வந்து, என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"தெரியும்ல ஆயா? அப்ப எம்மவ பேரச் சொல்லு."