வெள்ளிக்கிழமை விளக்குக்கு லத்தீன்

— பாடச் சொன்னா ஒரு பாட்டு பாட வேண்டியதுதானேடி வேதா. லத்தீனை எடுத்து வுடுவியா?

— எனக்குப் பாட்டு வராதுன்னு உனக்குத் தெரியாதாம்மா? எழுபத்தொம்போதாம் வருஷத்துலயும் பொண்ணு பாக்க வர்றவங்க பாடத்தான் சொல்றாங்க. பயத்துல வாயில வந்ததைச் சொல்லிட்டேன். லௌதோ, லௌதாஸ், லௌதாத்னு.

— கண்ணை மூடிக்கினு ராகம் வேற. மாப்பிள்ளையோட அம்மா காசியம்மாள் கன்னத்துல போட்டுக்கினாங்க. ஏதோ சமஸ்கிருத சுலோகம்னு நெனச்சுட்டாங்க.

— மூணு சொன்னதும் வாய் கட்டிப் போச்சும்மா. அடுத்தது வரவே இல்ல. அண்ணாமலையாரே காதாண்ட வந்து எடுத்துக் குடுத்த மாதிரி இருந்துச்சு.

— அவருக்கு வேற வேலை இல்ல பாரு. கீழ்பென்னாத்தூர்ல நெல்லு மிஷின் வெச்சிருக்கிற குடும்பம். பையனும் தங்கமானவன். தையிலயே வெச்சுக்கலாம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. லத்தீன் கித்தீன்னு நீ எதையும் ஒளறி வெக்காதே.

— அப்ப சிதம்பரம்? எம்.ஏ. மொழியியலுக்கு திங்கக்கிழமை இண்டர்வியூ. கல்யாணம் ஆனா அனுப்புவாங்களா?

— ஆசிரமத்தாண்ட குடியிருக்கிற வெள்ளைக்காரம்மாவுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கத்தான் உன்னை அனுப்புனேன். அவங்க பதிலுக்கு இதைச் சொல்லிக் குடுத்துட்டாங்க. அப்படி இன்னாடி இருக்குது அதுல?

— புகழுறேன், புகழுறே, புகழுறான்னு நாம சொல்றோம் இல்ல? ஆளு யாருன்னு தனியா சொல்லவே வேணாம், கடைசியில தானா தெரிஞ்சுடும். லத்தீன்ல லௌதோ, லௌதாஸ், லௌதாத்னாலும் அதேதான். இங்கிலீஷ்காரன் பாவம், ஐ, யூ, ஹீன்னு ஒவ்வொரு வாட்டியும் ஆளைக் கூப்புட்டாகணும். ரோமாபுரி ராஜாங்க பேசுன மாதிரியே உங்க அடி அண்ணாமலையில மாடு ஓட்டுறவங்களும் பேசுறாங்களேன்னு அந்தம்மா அசந்து போயிட்டாங்க. அன்னிக்கு எனக்கு இருந்த பெருமை, சொல்லி மாளாதும்மா.

— சரி சரி. நைனா செருப்பு சத்தம் கேக்குது. வாயை மூடிக்கினு இரு. ஏங்க, பஸ் ஏத்தி வுட்டீங்களா? நாள் எதுனா சொன்னாங்களா?

— இல்ல ஆதிலட்சுமி. வேணாம்னுட்டுப் போயிட்டாங்க.

— இன்னாங்க இது? இங்க நல்லாத்தானே பேசிட்டுப் போனாங்க?

— பஸ் ஸ்டாண்டுல மாப்பிள்ளையோட அம்மா ஒண்ணு கேட்டாங்க. அந்த சுலோகத்தை ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க, எங்க பெரிய மருமக வெள்ளிக்கிழமை வெளக்கு ஏத்துறப்ப சொல்லட்டும்னு. எனக்கு மனசு ஒப்பல. அது சாமி பாட்டு இல்லைங்க, லத்தீன் பாஷை, எம் பொண்ணு படிக்கிறான்னேன்.

— நைனா...

— எம் பொண்ணு படிப்பை சாமி பேரைச் சொல்லி நான் ஏன் மறைக்கணும்? சிதம்பரத்துல மேல படிக்கப் போறான்னும் சொன்னேன். எங்க ஊட்டுக்கு இந்தப் படிப்பு ஜாஸ்திங்கன்னாங்க. ஆமாங்க, ஜாஸ்திதான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

— அம்மா, திட்டுறதா இருந்தா என்னைத் திட்டு. நைனாவை ஒண்ணும் சொல்லாதே.

— இரு வேதா. ஏறப் போறப்ப இன்னொண்ணும் கேட்டாங்க. பொண்ணு நடுவுல மறந்து நின்னப்ப, கதவுக்குப் பின்னாலேருந்து ஒரு பொம்பளைக் குரல் எடுத்துக் குடுத்துச்சே, அது யாருன்னு. அவளைப் பெத்தவதான்னு சொன்னேன்.

— அம்மா, நீயா?

— தெனம் விடிகாலைல கெணத்தடியில நீ சொல்லச் சொல்ல நானும்தானே கேட்டுக்கினு பாத்திரம் தேய்க்கிறேன். கல்யாணத்துக்கு ஆசைப்பட்டேன், இல்லேங்கல. அதுக்காக எம் பொண்ணு ஊரார் எதிர்ல மறந்துபோய் நிக்கிறதா? லௌதாமுஸ், லௌதாதிஸ், லௌதாந்த். போய் பொட்டியை எடுத்து வை, திங்கக்கிழமை நானும் சிதம்பரம் வர்றேன்.