ஒறுத்தலுக்கு விட்ட குளிசை

எனக்கு வடிவாக எழுத வராது, கேட்டதில் பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், பிடித்த ஒன்றை விட்டு ஒறுத்தல் செய்யும் நாட்களில் ஒருநாள், ஓலைத்தொடுவாயிலிருந்து மன்னாருக்கு பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் இருந்த கடற்றொழிலாளி ஒருவர் மனைவியிடம் சொன்னார்:

“ஒறுத்தலுக்கு இந்த முறை சீனி வருத்தக் குளிசையை விட்டிட்டன்.”

“ஐயோ கடவுளே! எல்லாரும் இறைச்சியை, சாராயத்தை விடுவினம். நீங்கள் மருந்தையோ? அதுதான் இரவிரவாத் தாகமெண்டு தண்ணி குடிக்கிறியள். கண் போனால் என்னெண்டு கடலுக்குப் போறது?”

“சீனியைக் குறைக்க உடம்பிலயே இன்சுலின் கிடக்குத்தானே?”

“கிடக்குது. உடம்பு அதின்ர சொல்லைக் கேக்குதில்லையெண்டு கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸி சொன்னவ. குளிசை போட்டால்தான் கேக்குமாம். அப்பதான் இரத்தத்தில நிக்கிற சீனி தசைக்குள்ள போகுமாம். ஈரலும் கண்டபாட்டுக்குச் சீனியை விடாதாம்.”

“நான் உன்ர சொல்லைக் கேக்காத மாதிரியோ?”

“ஓம். உங்களுக்கு ரெண்டு குளிசை வேணும்.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

“சரி, குளிசையைப் போடுறன். அப்ப எதை ஒறுக்கிறது?”

“தேத்தண்ணிக்குப் போடுற சீனியை.”

“அது சரியான கஷ்டமப்பா!”

“கஷ்டமில்லாததை விட்டால் அது ஒறுத்தலோ?”

அவர் பெருமூச்சு விட்டு, “சரி, சீனியையே விடுறன்” என்றார்.

குளிசை செய்யும் வேலையைச் சரியாக எழுதினேனோ தெரியாது. மருந்து தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.